ஆறு மணிக்குள் ஒரு ‘வேண்டாம்’

எமிலி அழவில்லை. அழுதிருந்தால் அக்சாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பெம்பான் ஊரிலுள்ள வீட்டுக் கூடத்தில், கண்ணாடித் தாள் சுற்றிய ஒன்பது நிச்சயதார்த்தத் தட்டுகளுக்கு நடுவே, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா.

மணி மூன்றே கால்.

காலையில் நடந்த கூத்தைப் போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகன் விமலனுக்கும் திவ்யதர்ஷினிக்கும் இன்று மாலை ஏழரைக்கு மலாக்காவில், பெண் வீட்டில் நிச்சயதார்த்தம். அதை முன்னிட்டுக் காலை பத்து மணிக்கு வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். பாஸ்டர் வழக்கம்போல, “சிஸ்டர், பையன் பிறந்த சாட்சியச் சொல்லுங்க” என்றார்.

சாட்சி சொல்வதில் எமிலியை அடித்துக்கொள்ள அந்தச் சபையில் ஆள் கிடையாது. ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை, கண்ணாடிப் பெட்டி, ஒன்பதாம் நாள் விட்டு விட்டு வந்த மூச்சு, எல்லாம் சபையாருக்கு மனப்பாடம். ஆனால் இன்று சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. இருபத்தேழு வருடமாக விழுங்கி வந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

“இவன் பிழைச்சா உம்முடைய ஊழியத்துக்கே கொடுத்துடறேன் ஆண்டவரேன்னு பொருத்தனை பண்ணேன்.”

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவள் காதுக்கே எட்டியது. பொருத்தனை என்றால் சும்மா ஒரு ஜெபம் இல்லை. கடவுளுக்கு வாய் திறந்து கொடுத்த வாக்கு. விமலனோ பாஸ்டர் ஆகவில்லை. தொழிற்சாலையில் மெஷின்களைக் கட்டி மேய்க்கும் எஞ்சினியர். கூட்டத்தில் முன்வரிசையில் பெண்ணின் அத்தை வேறு உட்கார்ந்திருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் பெண்ணின் அப்பா போன் பண்ணிவிட்டார். சாலமன் புவனேந்திரன் மலாக்கா சபையில் மூப்பர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அதனாலேயே எல்லாருக்கும் பயம்.

“சம்பந்திம்மா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா ஆண்டவருக்குக் கொடுத்த பிள்ளைய நான் எப்படி மருமகனா எடுத்துக்கறது? நாளைக்கு எம்பொண்ணுக்கு ஒன்னுன்னா, அதுக்கு இதுதான் காரணம்னு நான் சாகற வரைக்கும் நெனைப்பேன். அந்தப் பொருத்தனை தீந்துச்சுன்னு வேதத்துல இருந்து காட்டுங்க. ஆறு மணிக்குள்ள சொன்னா போதும். இல்லன்னா தட்டு எடுத்துக்கிட்டு வராதீங்க.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

பாஸ்டர் நல்ல மனுஷர். ஆறுதல் சொல்லிப் பார்த்தார். வளர்ந்த பிள்ளையின் வாழ்க்கையை அம்மா வாக்குக் கொடுக்க முடியாது, ஆண்டவர் அப்படிக் கழுத்தைப் பிடிக்கிறவர் இல்லை என்றார்.

எமிலி கேட்கவில்லை. “நான் கேட்டேன் பாஸ்டர். பையன் மூச்சு விட்டான். நான் கேட்டத அவர் செஞ்சிட்டார். நான்தான் செய்யல.”

இதில் ஒரு விஷயத்தை அக்சா இன்றுதான் புரிந்துகொண்டாள். இருபது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் அம்மா சபைக்குப் போய்த் தரை கழுவுவாள், கக்கூஸ் கழுவுவாள். இடுப்பு வலியிலும் போவாள். எல்லாரும் அதை பக்தி என்று நினைத்தார்கள். அது பயம். கொடுக்காத பிள்ளைக்குப் பதிலாகத் தன் முதுகைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அக்சாவுக்கு இருபத்துநாலு வயது. தாடிகாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். முப்பது வாண்டுகளைச் சமாளித்துப் பழகியவளுக்கு, ஒரு மூப்பரைச் சமாளிக்க முடியாது என்று ஒப்புக்கொள்ள மனசில்லை. மூன்று மணி நேரமாக வேதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், இப்போது அறையிலிருந்து ஓடி வந்தாள். கால் பட்டு ஆரஞ்சுத் தட்டு சரிந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

“மா, கெடச்சிருச்சு மா.”

“என்னாடி?”

“மோசே கொடுத்த சட்டத்துல இருக்கு. கல்யாணமான பொம்பள ஒரு பொருத்தனை பண்றா. அத அவ புருஷன் கேள்விப்படறாரு. கேள்விப்பட்ட அதே நாள்ல அவரு ‘வேணாம்’னு சொல்லிட்டா, பொருத்தனை செல்லாது. ஆண்டவர் அவள மன்னிப்பார். அப்படியே எழுதியிருக்கு மா.”

எமிலி மெல்லத் தலையைத் திருப்பினாள்.

“அவரு ஒன்னும் சொல்லாம சும்மா இருந்துட்டா?”

“அப்ப பொருத்தனை உறுதியாயிரும். ஆனா அப்பாவுக்குத்தான் ஒன்னுமே தெரியாதே. காலையில ஜெபத்துலகூட இல்ல. இன்னைக்குத்தான் கேக்கப் போறாரு. கேட்ட கையோட ‘வேணாம்’னு சொன்னா முடிஞ்சது லா.”

முப்பது வருடக் குடித்தனத்தில் புருஷன் பேச்சுக்கு இப்படி ஒரு மதிப்பு வரும் என்று எமிலி கனவிலும் நினைத்ததில்லை. எழுந்த வேகத்தில் முந்தானை ஒரு தட்டில் மாட்டிக் கிழிந்தது. கிழிந்தது கிழியட்டும் என்று கார் சாவியைத் தேடினாள்.

மகனின் நிச்சயதார்த்தத்தன்று பரமேஸ்வரன் வீட்டில் இல்லாதது ஏன் என்று கேட்பீர்கள். செம்பனைக் குலை யாருடைய நிச்சயதார்த்தத்துக்கும் காத்திருக்காது. வெட்டின மறுநாளுக்குள் மில்லுக்குப் போய்ச் சேராவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். மாற்று டிரைவருக்குக் காய்ச்சல். விடியற்காலையில் லாரியை எடுத்துக்கொண்டு போனவர், ஆறுக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் கைபேசி அவரைப் போலவே அமைதியாக, ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்தது.

அவர் சபைக்காரர் இல்லை. எமிலியைக் கட்டிய பிறகு கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லி எத்தனையோ பாஸ்டர்கள் கேட்டாயிற்று. “முன்னால நின்னு வாக்குக் கொடுக்கணும். கொடுத்தா செய்யணும். முடியுமான்னு தெரியல” என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

அப்படிப்பட்டவர் வாயிலிருந்து இன்று ஒரே ஒரு வார்த்தை வர வேண்டும்.

* * *

ஜாசின் தாண்டும்போது மணி நாலு. அக்சா காரை ஓட்டிய ஓட்டத்தில் எமிலி மூன்று முறை ஆண்டவரைக் கூப்பிட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் ஓடின. முன்னால் ஒரு டிராக்டர் ஊர்ந்தது. அக்சா அதைத் தாண்டினாள்.

“மெதுவாப் போடி. நாம போய்ச் சேர்ந்தாத்தான் அவரு சொல்ல முடியும்.”

“நீங்க எப்படிச் சொல்லணும்னு யோசிங்க மா. சாட்சி மாதிரி நீட்டாதீங்க. இதான் பொருத்தனை, வேணாம்னு சொல்லுங்க, அவ்ளோதான். நான் வீடியோ எடுக்கறேன். மூப்பருக்கு அனுப்பிடலாம்.”

அப்போது போன் அடித்தது. விமலன்.

அக்சா ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் முடிவெட்டும் கடையின் மெஷின் சத்தம். மாப்பிள்ளை பாதி முடிவெட்டில் இருந்தான் போல.

“அம்மா இருக்காங்களா?”

“இருக்கேன்யா.”

“ஏன் மா என்கிட்ட சொல்லல?”

எமிலி போனுக்குக் கிட்டக் குனிந்தாள். “சொன்னா நீ பயந்துருவேன்னு.”

“பயந்தது யாரு? எனக்கு ஜுரம் வந்தா நீங்க முட்டி போட்டு அழுவீங்களே, அது ஏன்னு இன்னைக்குத்தான் எனக்குப் புரியுது. சாதா ஜுரம் மா அதெல்லாம். மருந்து குடிச்சா போயிரும். நீங்க ஒவ்வொரு தடவையும் அவரு என்னைத் திருப்பி எடுத்துக்கப் போறாருன்னு நெனச்சீங்களா?”

எமிலி முந்தானையின் கிழிசலைச் சுருட்டிக்கொண்டாள். ஆமாம் என்றுதான் அதற்குப் பதில்.

“அண்ணா, நாங்க அப்பாகிட்டத்தான் போறோம். ஒரு வழி கெடச்சிருக்கு” என்று அக்சா விஷயத்தைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் மெஷின் நின்றது.

“அம்மா வாக்குக் கொடுத்தாங்க. அப்பா வேணாம்னு சொல்லணும். மூப்பர் ஓகே சொல்லணும். திவ்யாகூட போன் பண்ணி அழுதுட்டா. இதுல என்னைத் தவிர எல்லாரையும் கேட்டாச்சு இல்ல?”

“நீ ஊழியம் வேணாம்னுதானேண்ணா சொல்லுவ?”

“நான் இன்னும் ஒன்னுமே சொல்லலையே அக்சா.”

அக்சா சட்டென்று வேகத்தைக் குறைத்தாள். “அப்படின்னா?” என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது. அந்தத் தோட்டச் சாலையில் எப்போதும் அப்படித்தான், லைன் வரும், போகும். திரும்ப அடித்துப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவன் குரலில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று யோசிக்க இப்போது நேரம் இல்லை.

தோட்டத்தில் குலை ஏற்றும் இடத்தில் லாரி இல்லை. அப்போதுதான் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனதாகக் கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் சொன்னார். சேற்றில் காரைத் திருப்பப் பத்து நிமிடம் ஆயிற்று. அக்சாவின் வெள்ளைச் சுரிதாரில் முழங்கால் வரை சிவப்பு மண்.

* * *

செலண்டாருக்குச் சற்று வெளியே இருக்கிறது அந்த எண்ணெய் மில். வாசலுக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஹனீஃபின் தேநீர்க் கடை. இருபது வருடமாக லாரிக்காரர்களுக்கு அவர் கடைதான் தபால் நிலையம், பஞ்சாயத்து எல்லாம். காரைப் பார்த்ததும் தோளில் துண்டோடு வெளியே வந்தார்.

“வாங்க அண்ணி. பட்டுப்புடவையெல்லாம் கட்டிக்கிட்டு மில்லுக்கு வந்திருக்கீங்க. பையன் பாஸ்டர் ஆகப் போறாராமே. சந்தோஷம்.”

எமிலி கார் கதவைச் சாத்தாமலே அவரிடம் வந்தாள்.

“உங்களுக்கு யார் சொன்னா ஹனீஃப்?”

“எம்பொண்டாட்டி மைமூன்தான். காலையில பெம்பான் பசார்ல மீன் வாங்கப் போச்சு. உங்க சபைக்காரங்க ரெண்டு பேரு பேசிக்கிட்டாங்களாம்.”

ஜெபம் முடிந்தது பதினொன்றரைக்கு. செய்தி பன்னிரண்டுக்குள் பசாரைத் தாண்டி, மதியத்துக்குள் மில் வாசலுக்கு வந்துவிட்டது. பெம்பானில் தபால் மெதுவாக வரும், சேதி மெதுவாக வந்ததாகச் சரித்திரம் இல்லை.

“அங்கிள்,” அக்சா எச்சிலை விழுங்கினாள். “அப்பாகிட்ட இதச் சொன்னீங்களா?”

“சொல்லாம இருப்பேனா பாப்பா? மதியம் முதல் லோடு கொண்டாந்தப்பவே கைகொடுத்து வாழ்த்துச் சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

ஹனீஃப் யோசித்தார். “ஒன்னும் சொல்லல. தேத்தண்ணிய பாதியில வச்சிட்டு எழுந்து போயிட்டாரு. அதான் எனக்கே அதிசயமா இருந்துச்சு. எங்கடையில தேத்தண்ணிய மிச்சம் வைக்கிறவரா அவரு?”

எமிலி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “கேட்டுட்டாருடி. கேட்டுட்டு ஒன்னும் சொல்லல. போச்சு.”

“போகல மா. கேட்ட நாள்னுதான் போட்டிருக்கு. நாள் இன்னும் முடியல. பொழுது சாய ஏழாகும். ஏந்திரிங்க.”

மில் கேட்டிலிருந்து வளைந்து வளைந்து பதினேழு லாரிகள் நின்றன. எல்லாவற்றிலும் குலைகள் கூம்பாகக் குவிந்திருந்தன. காற்றில் எண்ணெய் வேகும் புளித்த வாடை. அக்சா நம்பர் பிளேட்டுகளைப் படித்துக்கொண்டே ஓடினாள். பின்னால் எமிலி, ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் புடவைக் கொசுவமுமாக வேகுவேகென்று வந்தாள். ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு தலை நீண்டு பார்த்தது. எமிலி யாரையும் பார்க்கவில்லை. மானம் மரியாதையெல்லாம் ஆறு மணிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பதினோராவது லாரி பரமேஸ்வரனுடையது. சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, டயரில் மாட்டிய கல்லை நோண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

மணி ஐந்து முப்பத்தைந்து.

“என்னங்க,” எமிலிக்கு மூச்சு வாங்கியது. “நான் ஒன்னு சொல்றேன். கேட்டுட்டு நீங்க ‘வேணாம்’னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க.”

“நான் எப்ப வேற எதுவும் பேசியிருக்கேன்?”

அக்சா கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். எமிலி சொன்னாள். நீட்டாமல்தான் சொன்னாள். கண்ணாடிப் பெட்டி, ஒன்பதாம் நாள், வாய் விட்டுச் சொன்ன வாக்கு, அக்சா வேதத்தில் கண்டுபிடித்த சட்டம். இத்தனை வருடம் மறைத்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். பிறகு அவர் வாயையே பார்த்தாள்.

பரமேஸ்வரன் கையிலிருந்த கல்லைத் தூக்கிப் போட்டார்.

“தெரியும்.”

“ஹனீஃப் சொன்னதத்தானே சொல்றீங்க? பரவால்ல. அதுவும் இன்னைக்குத்தான். வேணாம்னு சொல்லுங்க.”

“ஹனீஃப் சொன்னது இல்ல. அன்னைக்கே தெரியும்.”

அக்சாவின் கை தாழ்ந்தது.

“கதவுகிட்டத்தான் நின்னேன். உனக்கு ஃபிளாஸ்க்ல மைலோ கொண்டாந்தேன். நீ பெட்டி மேல கைய வச்சிக்கிட்டுச் சொன்ன. சத்தமாத்தான் சொன்ன. உனக்கு மெதுவா ஜெபம் பண்ணத் தெரியுமா?”

இருபத்தேழு வருடம் ஒரே கட்டிலில் படுத்து, இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கம் மூடி வைத்திருந்திருக்கிறார்கள்.

“அப்ப ஏங்க ஒரு வார்த்தை சொல்லல?”

“சொல்லத்தான் வாயத் தொறந்தேன். எம்புள்ளைய யாரக் கேட்டுக் கொடுக்கறன்னு கேக்கத்தான் உள்ள வந்தேன். அப்பப் பார்த்து அவன் கால உதைச்சான். ஒன்பது நாளா அசையாத காலு எமிலி. சுண்டு வெரல் அளவுதான் இருக்கும். நான் வேணாம்னு சொல்லி, அந்தக் காலு நின்னு போயிருந்தா?” அவர் தலைத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “வாய மூடிக்கிட்டேன்.”

“அதுக்கப்புறமாவது...”

“அப்புறம் எங்க? ஒவ்வொரு பரீட்சையிலயும் அவன் பாஸ் பண்றப்ப, இதோ ஊழியத்துக்குப் போயிருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எஞ்சினியரிங் படிக்கிறேன்னு அவன் சொன்ன அன்னைக்கு நீ அழுத. நான் லாரிக்குள்ள போய் உக்காந்து சிரிச்சேன். சிரிச்சதுக்கு அப்புறம் ஒரு வாரம் தூக்கம் வரல.”

தன் கல்யாண வாழ்க்கையில் அவர் இவ்வளவு பேசி எமிலி கேட்டது இதுதான் முதல் தடவை. அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போலவும் இருந்தது.

அக்சாதான் முதலில் தெளிந்தாள். கேட்ட நாள் இன்று இல்லை. அந்த நாள் முடிந்து இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது. அவர் கேட்டார், சும்மா இருந்தார். சட்டப்படி பொருத்தனை அன்றைக்கே உறுதியாகிவிட்டது.

“அப்ப இன்னைக்குச் சொல்ற ‘வேணாம்’ செல்லாது ப்பா” என்றாள். அழுகை வந்தது.

முன்னால் லாரிகள் ஒரு இடம் நகர்ந்தன. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். பரமேஸ்வரன் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் ஹாரன் நின்றது.

“அந்தச் சட்டத்துல வேற என்னா போட்டிருக்கு? கேட்டுட்டு, லேட்டா வேணாம்னு சொன்னா?”

அக்சா கைபேசியில் அந்தப் பகுதியைத் தேடி எடுத்தாள். முதலில் கிடைத்த நல்ல வரியோடு அம்மாவைக் கிளப்பிக்கொண்டு ஓடி வந்தவள் அவள். கடைசி வரை படிக்கவே இல்லை. இப்போது படித்தாள். படித்துவிட்டுத் திரையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஒன்னும் இல்ல ப்பா.”

“படி.”

“ப்பா...”

“படி பாப்பா.”

“கேட்ட அன்னைக்குச் சும்மா இருந்துட்டு அப்புறமா தடுத்தா... அவளோட குத்தத்த புருஷன் சுமப்பான்னு இருக்கு.”

“அப்ப அவளுக்கு ஒன்னும் வராது?”

“அம்மாவுக்கு வராது. உங்களுக்கு வரும்.”

பரமேஸ்வரன் தலையாட்டினார். வேறு யாராவது என்றால் அதை வெறும் வார்த்தையாக எடுத்துக்கொள்வார்கள், சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இவர் அப்படிப்பட்டவர் இல்லை. இவர் வீட்டில் நேர்த்திக்கடன் என்றால் செய்தே தீர வேண்டும். பாதத்தில் கொப்புளத்தோடு இவர் அம்மா தீ மிதித்ததைப் பத்து வயதில் கிட்ட நின்று பார்த்தவர். தெய்வத்திடம் தப்பிக்க வழி தேடலாம் என்பதே இவருக்குத் தெரியாது. எமிலிக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் லாரிக் கதவைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்ததைப் பார்த்ததும் அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

கையைக் கழுவினார். வாயைக் கொப்பளித்தார். தொப்பியைக் கழற்றி சீட்டில் வைத்தார். திறந்து கிடந்த சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டார்.

“ஏங்க, வேணாங்க.”

“அதத்தானே சொல்லச் சொன்ன.”

“இது தெரியாமச் சொன்னேன். நீங்க சும்மா ஒரு வார்த்தை சொன்னா போதும்னு நெனச்சேன். உங்க தலையில வரும்னு யாருக்குத் தெரியும்? இத நானே பாத்துக்கறேன். நான் சுமக்கறேன். இத்தன வருஷம் சுமக்கலையா?”

“போதும் எமிலி. சனிக்கிழமையானா உன் இடுப்பப் பாக்க முடியல.”

எமிலி வாயைப் பொத்திக்கொண்டாள். எதற்காக என்று ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்து இத்தனை வருடம் கழுவிய தரையை, வாசலில் லாரியை நிறுத்திக் காத்திருந்த இவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பரமேஸ்வரனுக்குச் சபை ஜெபம் பண்ணத் தெரியாது. கண்ணை மூடவா வேண்டாமா என்று தயங்கி, திறந்தபடியே நின்றார். குலை ஏற்றிய லாரிகளுக்கு நடுவே, பக்கத்து லாரிக்காரரிடம் பேசுகிற குரலில்தான் பேசினார்.

“ஆண்டவரே. எம்பொண்டாட்டி எம்பையனப் பத்திச் சொன்னது, வேணாம். நான் தடுக்கறேன். லேட்டாத்தான் சொல்றேன், தெரியும். அன்னைக்கு எனக்குத் தைரியம் இல்ல. அதுக்கு என்னாவோ, அத என்மேல வச்சிக்குங்க. அவ மேல வேணாம். பையன் மேல வேணாம்.”

சொல்லிவிட்டு இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று நினைப்பதுபோலக் கொஞ்சம் நின்றார். பிறகு, “அவ்ளோதான்” என்றார்.

அக்சா வீடியோ எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. பதினோராவது லாரிக்கும் பன்னிரண்டாவது லாரிக்கும் நடுவே நின்று தேம்பித் தேம்பி அழுதாள். எமிலி புருஷனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. முப்பது கிலோமீட்டர் துரத்தி வந்து கேட்டு வாங்கிய சொல் அது. இப்போது எப்படியாவது அதைத் திருப்பிக் கொடுத்துவிடமாட்டோமா என்று இருந்தது அவளுக்கு.

போன் அடித்தது. அண்ணனாக இருக்கும் என்று அக்சா அவசரமாகக் கண்ணைத் துடைத்துப் பார்த்தாள். மூப்பர் புவனேந்திரன்.

மணி ஐந்து ஐம்பத்தாறு.

ஸ்பீக்கரில் போட்டாள். குரல் நிதானமாக வந்தது.

“சொல்லும்மா. ஏதாவது வழி கெடச்சிச்சா?”

“கெடச்சிச்சு அங்கிள். மோசேயோட சட்டத்துல இருக்கு. புருஷன் தடுத்தா பொருத்தனை செல்லாதுன்னு. அப்பா தடுத்துட்டாரு. இப்பத்தான். நாங்க ரெண்டு பேரும் கூடவே இருந்தோம்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. நிம்மதிப் பெருமூச்சு. “ஸ்தோத்திரம்” என்றார் மூப்பர். பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே அழும் சத்தம். திவ்யதர்ஷினியாகத்தான் இருக்க வேண்டும். “அந்தப் பகுதி எனக்கும் தெரியும். ஏன் எனக்குத் தோணாம போச்சு? நல்ல வேளை. அப்ப ஏழரைக்கு வந்துருங்க.”

அக்சாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. எமிலி கண்ணை மூடி உதட்டை அசைத்தாள்.

“ஒன்னே ஒன்னு கேட்டுக்கறேன்” என்றார் மூப்பர். வேதம் தெரிந்த மனுஷர் அல்லவா. “உங்கப்பா இந்தப் பொருத்தனையக் கேள்விப்பட்டது இன்னைக்குத்தானே? முன்னாடியே தெரிஞ்சிருந்தா கணக்கு வேற. அதுக்குத்தான் கேக்கறேன்.”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏழரைக்கு மோதிரம் மாறிவிடும். ஹனீஃப் இன்று மதியம் சொன்னதும் உண்மைதானே என்று அக்சாவின் மனசு வேகமாக வக்கீல் வேலை பார்த்தது. எமிலி மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று சொல்லச் சொல்கிறாளா, சொல்லாதே என்கிறாளா, அவளுக்கே தெரியவில்லை.

பரமேஸ்வரன் கையை நீட்டினார். அக்சா தயங்கினாள். அவர் கையை எடுக்கவில்லை. கொடுத்தாள்.

“சம்பந்தி, நான் பரமேஸ்வரன் பேசறேன்” என்றார். “இன்னைக்கு இல்ல. நான் கேட்டு இருபத்தேழு வருஷம் ஆச்சு.”

மூப்பர் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த சிரிப்புச் சத்தம் நின்றது. முன்னாலிருந்த லாரி நகர்ந்து, வழி திறந்து கிடந்தது. பரமேஸ்வரன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார்.

(தொடரும்)